கேம்ப்புக்கு வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது, போகலாமா?

கேள்வி: டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். பையன் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டான், ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவன்) ஆடுகிறான். மூன்று டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மூன்று தட்டில் மேல் தட்டு) கல்லூரிகளிலிருந்து பேஸ்பால் கேம்ப்புக்கு வரச்சொல்லி மெயில் வந்திருக்கிறது. ‘உன் ஆட்டத்தைக் கவனித்து வருகிறோம்’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கும் போனால் கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்து 2,500 டாலர் ஆகும் போலிருக்கிறது. இதனால் கல்லூரி அணியில் இடம் கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, 2025

போகாதீர்கள். பணத்தை எடுத்து வையுங்கள்.

என் பையன் கேட்சர், மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்திப் பந்தைப் பிடிப்பவன். பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறான். அட்லாண்டாவுக்கு வடமேற்கே இருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து இதுவரை ஏழு கேம்ப் போயாயிற்று. கணக்கு நோட்டு என் கையில் இருக்கிறது: கட்டணம் மட்டும் 1,415 டாலர். பெட்ரோலும் ஹோட்டலும் வழியில் தின்றதும் தனி. ஏழில் ஐந்து சுத்த தண்டம்.

முதலில் அந்த மெயிலுக்கு வருகிறேன். கல்லூரி அணி நடத்தும் கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பு) விதி. இத்தனை பேர், இந்த வயது, இந்த வகுப்பு என்று வரம்பு வைக்கலாம். நன்றாக ஆடுகிறவன் மட்டும் வரலாம் என்று வைக்க முடியாது. ஆக, ‘உனக்கென்று தனி அழைப்பு’ என்று மெயில் சொன்னாலும், உங்கள் பக்கத்து வீட்டுப் பையன் கார்டு நம்பரைப் போட்டால் அவனுக்கும் இடம் உண்டு. எங்களுக்கு வந்த ஒரு மெயில் என் பையனின் இடது கைப் பந்துவீச்சை வானளாவப் புகழ்ந்திருந்தது. அவன் வலது கைக்காரன். ஒரு ஆட்டத்தில்கூடப் பந்து வீசியதில்லை.

இரண்டாவது, ஆகஸ்ட் 1. 2023 ஏப்ரலில் வந்த விதி இது. டிவிஷன் 1 பேஸ்பால் கோச் ஒரு பையனைக் கூப்பிட்டுச் சேர்க்கை பற்றிப் பேசவோ மெசேஜ் அனுப்பவோ, அவன் பதினொன்றாம் வகுப்புக்குப் போகும் வருடத்தின் ஆகஸ்ட் 1 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கேம்ப் விளம்பரம் அனுப்பலாம், விவரப் படிவம் அனுப்பலாம், அவ்வளவுதான். உங்கள் பையனுக்கு அந்தத் தேதி இன்னும் இரண்டே மாதத்தில் வருகிறது. நிஜமாகவே கவனித்து வருகிறவர்கள் அன்றைக்கு ஃபோன் செய்வார்கள். அதற்குள் ஏன் 2,500 டாலர்?

இன்னொன்று. டிவிஷன் 1 அணி ஒன்றுக்கு மொத்தம் 11.7 ஸ்காலர்ஷிப்தான். அதைத்தான் பல பேருக்குப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். ‘முழு ஸ்காலர்ஷிப்’ கனவில் கேம்ப்புக்குச் செலவழிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஜூன் 3, இரவு

கேட்சர் பெற்றோருக்கு மட்டும் ஒரு வார்த்தை. கேம்ப்புக்கு வருகிற பையன்களில் பாதி பேர் பிட்ச்சர். அத்தனை பேர் வீசும் பந்தையும் பிடிக்க ஆள் வேண்டும். என் பையனோடு சேர்த்து ஐந்து கேட்சர் இருந்த ஒரு கேம்ப்பில், காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை குத்துக்காலிட்டு உட்கார்ந்து பிடித்துக்கொண்டே இருந்தான். இடது கட்டைவிரல் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. இரண்டாவது பேஸுக்கு எறிந்து காட்டச் சொன்னபோது கை ஓய்ந்துபோயிருந்தது. காசும் கொடுத்துக் கூலி வேலையும் பார்த்த கதை.

ஜூன் 8, 2025

என் 11.7 கணக்கு பழசாகிவிட்டது. நேற்று முன்தினம், அதாவது ஜூன் 6 அன்று, கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்துவிட்டார். ஜூலை 1 முதல், அந்த ஏற்பாட்டில் சேரும் கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கிடையாது. அதற்குப் பதிலாக அணியில் 34 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பணமிருக்கும் கல்லூரி நினைத்தால் 34 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். ஏற்பாட்டில் சேராத கல்லூரிகளுக்குப் பழைய கணக்கே தொடரும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 40 பேர் வரை வைத்திருந்த அணிகள் 34க்கு இறங்கப் போகின்றன. வெட்டு யார் தலையில் விழும்? ‘பின்னால் தேறுவான்’ என்று சேர்த்துக்கொள்ளும் பள்ளிப் பையன் தலையில்தான். இன்னொரு பக்கம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், கல்லூரி மாற நினைக்கும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல். 2021இல் இருந்து ஒரு வருடம் வெளியே உட்காராமலே கல்லூரி மாறலாம் என்றாகிவிட்டது. கோவிட் காலத்தில் எல்லோருக்கும் ஒரு வருடம் கூடுதலாக வேறு கொடுத்தார்கள். கோச்சின் இடத்தில் இருந்து பாருங்கள். கல்லூரி ஆட்டத்தில் ஏற்கெனவே முந்நூறு முறை மட்டை பிடித்த 22 வயதுக்காரன் கிடைக்கும்போது, தாடி முளைக்காத உங்கள் பையனையும் என் பையனையும் எதற்கு எடுக்க வேண்டும்?

மெயில் அனுப்பிய கல்லூரிகளின் அணிப் பட்டியல் அவரவர் இணையதளத்திலேயே இருக்கிறது. ஷார்ட்ஸ்டாப் எத்தனை பேர், எந்த வருடம் படிக்கிறார்கள், அதில் எத்தனை பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் என்று எண்ணுங்கள். அரை மணி நேர வேலை, செலவு இல்லை. நான் இதை ஐந்தாவது கேம்ப்புக்குப் பிறகுதான் செய்தேன்.

ஜூன் 15, 2025

தனிச்செய்தியில் ஒருவர் என்னோடு சண்டை. அவர் பையனை கேம்ப்பில் பார்த்துத்தான் டிவிஷன் 1 கல்லூரி ஒன்று எடுத்ததாம். ‘உங்கள் வயிற்றெரிச்சலை ஊருக்குப் புத்திமதியாகச் சொல்லாதீர்கள்’ என்றார்.

துருவித் துருவிக் கேட்டேன். அந்தக் கல்லூரியின் துணைக் கோச் வசந்த காலத்தில் இரண்டு முறை பையனின் பள்ளி ஆட்டத்துக்கு வந்திருக்கிறார். பையனோடு ஃபோனில் பேசியிருக்கிறார். அதற்கப்புறம்தான் ‘கேம்ப்புக்கு வா, தலைமைக் கோச் பார்க்கட்டும்’ என்று சொல்லியிருக்கிறார். கேம்ப் முடிந்த வாரமே முடிவாகிவிட்டது.

சரி, முதல் நாள் நான் ‘போகாதீர்கள்’ என்று மொட்டையாகச் சொன்னது தப்பு. பெண் பார்க்கும் படலம் மாதிரி இது. ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டிலும் பேசி, கடைசியில் நேரில் பார்க்க வருகிறார்கள் என்றால் அந்த பஜ்ஜி சொஜ்ஜிக்கு அர்த்தம் உண்டு. தெருவில் போகிற எல்லோரையும் கூப்பிட்டு, தலைக்கு இருநூறு டாலர் வாங்கிக்கொண்டு சொஜ்ஜி போட்டால் அது ஹோட்டல் வியாபாரம்.

வயிற்றெரிச்சல் பற்றி அவர் சொன்னதும் முழுக்கப் பொய்யில்லை.

ஜூன் 16, 2025

‘கோச்சுகளுக்குத்தான் சம்பளம் வருகிறதே, கேம்ப் நடத்தி என்ன சம்பாதிக்க வேண்டும்?’ என்று ஒரு கேள்வி. தலைமைக் கோச்சை விடுங்கள். டிவிஷன் 1 பேஸ்பாலில் 2023 ஜூலைக்கு முன்வரை ‘வாலன்டியர் கோச்’ என்று ஒருவர் இருந்தார். வேலை முழு நேரம், கல்லூரி சம்பளம் பூஜ்யம். அவர் வீட்டு அடுப்பு எரிந்ததே கேம்ப் காசிலும் தனி வகுப்புக் காசிலும்தான். இப்போது அந்தப் பதவியை எடுத்துவிட்டார்கள், சம்பளம் கொடுக்கலாம். கேம்ப் மட்டும் நின்றபாடில்லை. கோபப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கு அது பிழைப்பு. அது பிழைப்பு என்று நமக்குத் தெரிந்திருந்தால் போதும்.

ஜூன் 30, 2025

எட்டாவது கேம்ப் போய் வந்தோம். ஆமாம், நான்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். 225 டாலர். நோட்டில் இப்போது 1,640.

இது டிவிஷன் 3. அங்கே விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையவே கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் தரும் உதவிதான். பெரிய ஊர்க் கோச்சுகள் மாதிரி நாடு முழுக்கச் சுற்றிப் பையன்களைப் பார்க்க இவர்களிடம் ஆளும் இல்லை, காசும் இல்லை. அதனால் கேம்ப்பில் உண்மையாகவே பார்க்கிறார்கள். வடகிழக்கில் ஒரு சின்னக் கல்லூரி. போவதற்கு முன்பே மூன்று மெயில் போய் வந்திருந்தது. கோச் முதலில் கேட்டது மதிப்பெண் பட்டியலும் எஸ்ஏடி மதிப்பெண்ணும். வீடியோவை அதற்கப்புறம்தான் கேட்டார்.

நாற்பது பையன்கள். காலையில் அறுபது கஜம் ஓட்டம். என் பையன் 7.3 வினாடி. கேட்சர் என்பதால் மன்னிக்கப்பட்டது. பிறகு பாப் டைம். இதுதான் கேட்சரின் தலையெழுத்து. பந்து கேட்சரின் உறையில் ‘பட்’ என்று விழும் சத்தத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். 127 அடி தள்ளி இரண்டாவது பேஸில் நிற்பவனின் உறையில் இன்னொரு ‘பட்’ கேட்டதும் நிற்கும். 2.0 வினாடி அல்லது அதற்குக் கீழே இருந்தால் டிவிஷன் 1 கோச் நிமிர்ந்து உட்காருவார். ஒன்பதாம் வகுப்பில் இவன் 2.31. அன்றைக்கு ஐந்து எறிந்தான்: 2.09, 2.06, 2.04, ஒன்று சென்டர் ஃபீல்டுக்குப் போய்விட்டது, கடைசி 2.05. வேலி ஓரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து என் ஃபோனிலும் அழுத்திப் பார்த்தேன். எனக்கு ஒன்று 1.97 காட்டியது. தாய்க்கடிகாரம்.

மதியம் மழை. எல்லோரையும் உள்ளே பேட்டிங் கூண்டுக்குக் கொண்டுபோனார்கள். பையன்கள் வரிசையில் நிற்கும்போது கோச் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினார். இவனிடம் ‘எப்படி கேட்சர் ஆனாய்?’ என்று கேட்டிருக்கிறார். இவன் ‘என் தாத்தா விக்கெட் கீப்பர்’ என்று சொல்லிவிட்டு, விக்கெட் கீப்பர் என்றால் என்னவென்று அமெரிக்கக் கோச்சுக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்திருக்கிறான். மைதானத்தில் பந்தைப் பிடித்ததைவிட அந்தப் பத்து நிமிடம் உருப்படியாக இருந்தது போல. கிளம்பும்போது கோச் என்னிடம் வந்து ‘ஜூலையில் அட்மிஷன் ஆபீஸுக்கு அவன் மதிப்பெண்களை ப்ரீ-ரீடுக்கு (விண்ணப்பிக்கும் முன்பே பார்த்து வாய்ப்பு எப்படி என்று சொல்வது) அனுப்பலாமா?’ என்று கேட்டார்.

தாத்தா என் அப்பா, பாளையங்கோட்டையில் இருக்கிறார். வாட்ஸ்அப்பில் சொன்னேன். ‘கிர்மானி மாதிரி குனிஞ்சு நிக்கச் சொல்லு’ என்றார். வேறெதையும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூலை 13, 2025

லேக்பாயிண்டில் இருந்து எழுதுகிறேன், டோர்னமென்ட் நடக்கும் மைதான வளாகம், எமர்சன் ஊர், ஐ-75 நெடுஞ்சாலை ஓரம். வீட்டிலிருந்து இருபது நிமிடம். நிழலே இல்லை.

ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வலைக்கு அந்தப் பக்கம் கல்லூரிச் சின்னம் போட்ட காலர் சட்டையில் பதினாறு பேர் நிற்கிறார்கள், கையில் பந்தின் வேகம் அளக்கும் ரேடார் கன். எண்ணிவிட்டேன். அவர்கள் பார்ப்பது ஒரு பிட்ச்சரை மட்டும். அவன் மூன்று இன்னிங்ஸ் முடித்ததும் பதினாறும் கூண்டோடு பக்கத்து மைதானத்துக்குப் போய்விட்டன. அப்புறம் வந்து மட்டை பிடித்த பையன்கள் பாவம்.

இதைப் பார்க்கும்போது இரண்டு வருடம் முன்பு நடந்தது ஞாபகம் வருகிறது. ஐந்து மணி நேரம் கார் ஓட்டி ஒரு கல்லூரி கேம்ப்புக்குப் போனோம். தலைமைக் கோச் வரவில்லை. பயிற்சி கொடுத்ததில் பாதி பேர் அந்த அணியில் ஆடும் மாணவர்கள், கோடை விடுமுறைச் சம்பளம். கோச் எங்கே என்று ஒரு பையனிடம் விசாரித்தேன். ‘அட்லாண்டா பக்கம் ஒரு டோர்னமென்ட்டில் ஆள் பார்க்கப் போயிருக்கிறார்’ என்றான். எந்த இடம் என்று கேட்டேன். லேக்பாயிண்ட்!

நாங்கள் அவர் வீட்டு வாசலில் காசு கட்டி நிற்கிறோம், அவர் எங்கள் வீட்டு வாசலில் வேறு யாரையோ தேடிக்கொண்டு நிற்கிறார். திரும்பி வரும் ஐந்து மணி நேரமும் நானும் பையனும் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டனூகா தாண்டும்போது அவனே சிரிக்க ஆரம்பித்தான்.

ஜூலை 14, 2025

பேஸ்பால் வீரர் அர்ஜுன் நிம்மலா இந்திய வம்சாவளியா என்று கேட்டவருக்கு: ஆமாம், பெற்றோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள், ஃப்ளோரிடாப் பையன். 2023இல், தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில், டொராண்டோ புளூ ஜேஸ் அவனை முதல் சுற்றிலேயே, 20ஆவது ஆளாக எடுத்தது. பிட்ச்சர் குமார் ராக்கருக்கும் அம்மா வழியில் இந்தியத் தொடர்பு உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது, 2019 சூப்பர் ரீஜனலில் (தேசியக் கல்லூரிப் போட்டியின் ஒரு சுற்று) டியூக் அணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர். ரெண்டு பேரையும் நினைத்துப் பெருமைப்படுவோம். ஆனால் அந்த மாதிரிப் பையன்களுக்கு கேம்ப் தேவைப்படாது, அவர்களைத் தேடிக்கொண்டு காலர் சட்டைகள் வரும். இந்த இழை அவர்களைப் பற்றியதே இல்லை. 2.05 பையன்களைப் பற்றியது.

ஆகஸ்ட் 2, 2025

டல்லாஸ்காரர் நேற்று ராத்திரி எழுதியிருக்கிறார், அவர் அனுமதியோடு போடுகிறேன். மெயில் அனுப்பிய மூன்று கல்லூரிகளில் இரண்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவதிலிருந்து மறுபடி கேம்ப் மெயில், பழைய வாசகமே. ஆனால் காலை ஒன்பதரைக்கு, அவர்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நடுத்தரக் கல்லூரியின் கோச் பையனுக்கு நேரடியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். ஜூன் மாத டோர்னமென்ட்டில் அவன் தரையோடு வந்த ஒரு பந்தை வலது பக்கம் பாய்ந்து எடுத்ததைக் குறிப்பிட்டு எழுதியிருக்கிறார். எந்த ஆட்டம், எந்த இன்னிங்ஸ் என்பது வரைக்கும்.

பார்த்தவன் எழுதுவது இப்படித்தான் இருக்கும்.

‘ஐயோ, எங்களுக்கு ஒன்றுமே வரவில்லையே’ என்று இதைப் படித்துவிட்டு அழாதீர்கள். ஆகஸ்ட் 1 என்பது பேச அனுமதிக்கும் முதல் நாள். கடைசி நாள் இல்லை. என் பையனுக்குப் போன வருடம் அன்றைக்கு வந்தது பல் டாக்டர் ஆபீஸ் மெசேஜ் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 21, 2025

ப்ரீ-ரீட் முடிவு வந்தது. அட்மிஷன் ஆபீஸ் அவன் மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு ‘விண்ணப்பித்தால் நல்ல வாய்ப்பு’ என்கிற தோரணையில் கோச்சிடம் சொல்லியிருக்கிறது. எழுத்தில் எதுவும் கிடையாது. எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தால் தன் பட்டியலில் சேர்ப்பதாகக் கோச் சொன்னார். அந்த வழியில் இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும், வேறு கல்லூரியை யோசிக்கக் கூடாது. வருடச் செலவு எவ்வளவு என்று கல்லூரி தளத்தில் உள்ள கணிப்பானில் போட்டுப் பார்த்தோம். வீட்டுக்காரர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானது: ‘அந்தப் படிப்புக்கு இவன் மட்டை பிடிக்காமலே போயிருக்கலாமே?’ போயிருக்கலாம்தான். ஆனால் வரிசையில் முன்னால் தள்ளிவிட ஒரு ஆள் இருந்திருக்க மாட்டார். எட்டு கேம்ப்பில் நாங்கள் வாங்கியது அந்த ஒரு ஆளை. நோட்டின்படி 1,640 டாலர்.

செப்டம்பர் 14, 2025

நம் ஆட்களிடம் ஜூகோ என்றாலே முகம் சுளிக்கிறார்கள். ஜூனியர் காலேஜ் என்றால் படிப்பு வராதவன் போகிற இடம் என்று நினைப்பு. பிரைஸ் ஹார்ப்பர் பள்ளியைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு சதர்ன் நெவாடா கல்லூரிக்குப் போய் ஆடினார், அதே 2010இல் டிராஃப்டில் முதல் ஆள். ஆல்பர்ட் பூஹோல்ஸ் ஆடியதும் கன்சாஸ் சிட்டியில் ஒரு கம்யூனிட்டி காலேஜுக்கு. ஜூகோ கோச்சுகள் கேம்ப்பைவிட ‘ஒரு நாள் வந்து எங்கள் பையன்களோடு பயிற்சி செய்’ என்று கூப்பிடுவது அதிகம் என்று எங்கள் பயண அணிக் கோச் சொல்கிறார். எங்களுக்கு நேரடி அனுபவம் இல்லை.

தமிழ்ப் பள்ளி ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்கிவிட்டது, இலையுதிர் கால ஆட்டங்களும் ஞாயிறுதான். வருடா வருடம் இந்த வழக்கு. இந்த வருடம் சின்னவள் கட்சிக்காரி, அவளுக்கு சாஃப்ட்பால். மறுபடி முதலிலிருந்தா என்று எனக்கு இப்போதே மூச்சு வாங்குகிறது.

நவம்பர் 2, 2025

விண்ணப்பத்தை அக்டோபர் 31 ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அனுப்பினோம். வாசலில் ஹாலோவீன் குழந்தைகள் போன பிறகுதான் கட்டுரையின் கடைசிப் பத்தியை எழுதினான். பதில் டிசம்பர் நடுவில். கிடைக்காமலும் போகலாம், கோச் கையில் எல்லாம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் இந்த இழையை மறுபடி முதலிலிருந்து திட்டி எழுதுவேன், தயாராக இருங்கள்.

டல்லாஸ்காரர் கேட்டது: மெசேஜ் அனுப்பிய அதே கோச் ஜனவரியில் கேம்ப் இருக்கிறது, வர முடியுமா என்று ஃபோனில் கேட்டிருக்கிறார். கட்டணம் 180 டாலர், காரில் நாலு மணி நேரம். போகலாமா?

போங்கள். முந்தின நாளே போய்த் தூங்கவிடுங்கள். ஸ்பைக் ஷூவோடு டர்ஃப் ஷூவும் எடுத்து வையுங்கள். மழை வந்தால் உள்ளேதான் நடத்துவார்கள், அங்கே ஸ்பைக் போட விடமாட்டார்கள். கோச் பேசும்போது நீங்கள் பக்கத்தில் போய் நிற்காதீர்கள். நான் நின்றேன், பையன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறான்.